ஐந்தாம் வகுப்பு முடியும் முன்: சென்னையிலேயே பள்ளி மாற்றுவதா, ஊரையே மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

சென்னையில் வாடகை வீட்டில் குடியிருந்து, பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பெரம்பூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மாறினோம். அதற்குப் பின் எங்கள் உறவிலும் பழைய குடியிருப்பிலும் ஆறேழு குடும்பங்கள் இதே முடிவின் முன் நின்றபோது உடனிருந்து பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதலில் வீடு பார்த்தார்கள், பிறகு பள்ளி தேடினார்கள், கடைசியில்தான் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அட்டை, பள்ளி வழங்கிய எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்) ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். இவற்றோடு உங்கள் வாடகை ஒப்பந்தமும், கடந்த 12 மாதங்களில் பள்ளிக்கும் வேனுக்கும் டியூஷனுக்கும் கொடுத்த பணத்தின் ரசீதுகளும் வேண்டும். ரசீது இல்லாதவற்றை நினைவிலிருந்தாவது எழுதி வையுங்கள்.

வேலையை ஐந்தாம் வகுப்பின் காலாண்டு விடுமுறையில் தொடங்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் கிடைத்த பள்ளியை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இராது. பெற்றோர் இருவரும் வார நாளில் இரண்டு நாள் விடுப்பு எடுக்கவும் வேண்டும், ஏனெனில் பள்ளியைச் சனிக்கிழமையில் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

1. இப்போதைய பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடும், நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடும், உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடும், மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்போடும் முடிகின்றன. பிள்ளை படிப்பது தொடக்கப் பள்ளி என்றால் மாற்றம் கட்டாயம். நடுநிலைப் பள்ளி என்றால் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு தேர்வுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் மாறும் பிள்ளைக்குப் புதிய ஊரில் பழகவும் பொதுத்தேர்வுக்குத் தயாராகவும் சேர்த்து இரண்டே ஆண்டுகள்தான் கிடைக்கும். ஊர் மாறுவது உறுதி என்றால் ஆறாம் வகுப்பிலேயே மாறுவது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் பல பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் புதியவர்களாகவே வருகிறார்கள், அந்தக் கூட்டத்தில் உங்கள் பிள்ளை தனித்துத் தெரியாது.

2. ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணப்படும் உரிமைகளைக் கணக்கில் எடுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள். தவற விட்டது தெரியவரும்போது பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும்.

மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டமாக்கியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேரமாட்டா. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளி மாதிரிதானே’ என்று சேர்த்துவிட்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. இவற்றிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை கிடைக்கும் என்பது 7.5 விழுக்காட்டிலிருந்து வேறுபடும் இடம்.

ஆகவே, ‘ஆறாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளியில் போட்டுப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்னும் யோசனைதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அந்த ஓராண்டு சங்கிலியை அறுத்துவிடும். சோதித்துப் பார்க்க விரும்பினால் அரசுப் பள்ளியில் தொடங்கிச் சோதியுங்கள், பிறகு தனியாருக்குப் போவதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு முடிந்துபோகிறது. மாற்றக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள் என்கிறேன்.

உங்கள் பிள்ளை கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கிறது என்றால் இன்னும் நிதானம் தேவை. அந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டும் வழங்கப்படுவது. ஊர் மாறினால் புதிய ஊரின் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் அதைத் திரும்பப் பெற முடியாது. இருக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 விழுக்காட்டுக்கும் தகுதி உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எட்டாம் வகுப்பு வரை இருந்த இடத்திலேயே இருப்பதுதான் பெரும்பாலும் நல்லது. முதல் படியில் நான் சொன்ன கருத்துக்கு இது விதிவிலக்கு.

3. பாடத்திட்டத்தையும் மொழியையும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து முடிவு செய்யுங்கள்

மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறும் பிள்ளைக்குக் கணக்கோ அறிவியலோ முதலில் இடிப்பதில்லை, மொழிதான் இடிக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாம் மொழி இருக்கும். சென்னையின் பல பள்ளிகளில் அது இந்தியாகவோ சமஸ்கிருதமாகவோ இருக்கிறது. கீழ் வகுப்புகளிலேயே எழுத்துக் கற்றுவிட்ட பிள்ளைகளுக்கு நடுவே எழுத்தே தெரியாத பிள்ளை உட்காரும். ஜூனுக்கு முன் கிடைக்கும் இரண்டு மாத விடுமுறையில் எழுத்தையாவது பழக்க முடியுமா என்று பாருங்கள்.

ஆங்கிலவழிக்கு மாறுவதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஐந்தாம் வகுப்பு ஆங்கிலவழி சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதி சொன்னால் ஓராண்டில் தேறிவிடும். வாய்விட்டுப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றால், அந்த மாற்றத்தை இடமாற்றத்தோடு சேர்த்துச் செய்யாதீர்கள். புதிய ஊர், புதிய பள்ளி, புதிய பயிற்றுமொழி என்று மூன்றையும் ஒரே ஜூனில் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அநியாயம்.

4. பயண நேரத்தைப் பள்ளி நாளில் அளந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காரில் போய் ‘இருபது நிமிடம்தான்’ என்று முடிவு செய்யாதீர்கள். புதன்கிழமை காலை, பிள்ளை எந்த வண்டியில் போகுமோ அதே வண்டியில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். வேன் என்றால், உங்கள் தெரு வேன் பாதையின் தொடக்கத்தில் இருக்கிறதா முடிவில் இருக்கிறதா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். பள்ளி அலுவலகம் தொலைவை மட்டுமே சொல்லும்.

எங்கள் மகளை ஐந்தாம் வகுப்பில் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினோம். எங்கள் தெருவில்தான் வேன் முதலில் நிற்கும். காலை 6.50-க்கு ஒரு பக்கச் சடை மட்டும் பின்னிய நிலையில் தெருமுனையில் நிற்பாள், மறு பக்கத்தை நான் அங்கேயே நின்றபடி பின்னி முடிப்பேன். மாலை 5.10-க்குத் திரும்பும்போது டிபன் டப்பாவில் பாதித் தயிர்சாதம் அப்படியே இருக்கும். வண்டி ஆட்டத்தில் வயிறு புரட்டுகிறது என்று அவள் மதியம் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள் என்பது எங்களுக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு வழிப் பயணம் 45 நிமிடத்துக்கு மேல் போனால் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே என் வழக்கம். இது சட்டமன்று, நான் பார்த்த பிள்ளைகளின் களைப்பிலிருந்து வந்த அளவு. ஊர் மாறுவதன் உண்மையான பயன் பெரும்பாலும் இந்த நேரம்தான். சிறு நகரத்தில் பள்ளிக்கு நடந்தே போகும் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது.

5. செலவை இரண்டு தாளில் எழுதுங்கள்

ஒரு தாளில் சென்னையில் தங்கினால் ஆகும் மாதச் செலவு, மற்றொன்றில் மாறினால் ஆகும் மாதச் செலவு. கல்விக் கட்டணத்தை 12-ஆல் வகுத்து மாதக் கணக்காக்குங்கள். வேன், டியூஷன், புத்தகம், சீருடை ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள், ஏனெனில் பள்ளிகள் சொல்லும் தொகையில் இவை இருப்பதில்லை. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குழு இருக்கிறது. அந்தப் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகையைப் பார்த்துவிட்டு, மீதித் தொகை எந்தத் தலைப்பில் வசூலிக்கப்படுகிறது என்று பள்ளியிலேயே கேளுங்கள்.

மாறும் தாளில் எல்லோரும் மறக்கும் வரி ஒன்று உண்டு. அப்பா சென்னையில் வேலையைத் தொடர்ந்து, அம்மாவும் பிள்ளைகளும் ஊருக்குப் போவது என்றால் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, மாதம் நான்கு முறை போகவர டிக்கெட் ஆகியவை சேரும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. வெள்ளி இரவு வண்டிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிறகு கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு நிற்க வேண்டிவரும். இந்தப் பாதி இடமாற்றத்தை ஓராண்டுக்கு மேல் தாங்கிய குடும்பங்கள் நான் பார்த்தவற்றில் இரண்டே. வேலை மாற்றத்துக்கோ வீட்டிலிருந்து பணி செய்வதற்கோ எழுத்தில் உறுதி இல்லாமல், ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இதில் இறங்காதீர்கள். சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு இரவு கிளம்பும் அப்பாவிடம் பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடும்.

6. நகருக்குள் இருக்கும் தேர்வுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள்

நகருக்குள் தேடி முடிக்காமல் ஊர் மாறுவதை முடிவு செய்யக் கூடாது. நடந்து போகும் தொலைவில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருந்தும் அதன் வாசலைக்கூட மிதிக்காமல் வெளியூர் பார்க்கப் போனவர்கள் பலர்.

தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல, பொங்கலை ஒட்டியே ஆறாம் வகுப்புக்கான காலியிடங்களைச் சொல்லத் தொடங்குகின்றன. கேந்திரிய வித்யாலயாவில் இரண்டாம் வகுப்புக்கு மேல் காலியிடம் இருந்தால் மட்டுமே சேர்க்கை, ஏப்ரலில் பதிவு நடக்கும். எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு கிடையாது, மத்திய அரசுப் பணியாளர் முதலான முன்னுரிமை வரிசைப்படி இடம் தருவார்கள். வரிசையில் நீங்கள் கடைசிப் பிரிவில் இருந்தால் அதை நம்பி மற்றவற்றை விட்டுவிட வேண்டாம். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. பிள்ளைக்கு விடுதி வாழ்க்கையில் விருப்பம் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள். வெளிமாநில நண்பர்கள் பரிந்துரைக்கும் நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லை.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது முதல்வரின் அறையில் உட்காருவதைவிடப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நிற்பது பயன் தரும். ஏழாம் வகுப்புப் பெற்றோர் இருவரிடம், ‘கணக்கு ஆசிரியர் இந்த ஆண்டு எத்தனை பேர் மாறினார்கள்?’ என்று கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் பலருக்கு ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள்தான் பூப்பு வருகிறது. கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். எவ்வளவு பேர்பெற்ற பள்ளியானாலும் இந்த ஒரு கேள்விக்கு நல்ல பதில் வராவிட்டால் நான் சேர்க்கமாட்டேன்.

7. பள்ளியில் இடம் உறுதியான பிறகே வீடு பாருங்கள்

இடமாற்றத்தில் மூன்று வகை உண்டு: கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், திருநின்றவூர் போன்ற புறநகருக்குப் போவது, சொந்த ஊருக்குப் போவது, இரண்டுமில்லாமல் திருச்சி, கோவை போன்ற வேறு நகருக்குப் போவது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரையிலான 60 கி.மீ. மின்சார ரயில் பாதை இருப்பதால், வேலையை விடாமல் மாற நினைப்பவர்கள் முதல் வகையைத்தான் முதலில் ஆராய வேண்டும். அதில் பயணச் சுமை பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு மாறுகிறது, அதுதான் சரியான திசை.

எந்த வகையானாலும் வரிசை ஒன்றே. பள்ளியில் இடம் உண்டு என்ற பதிலை ரசீதாகவோ ஒப்புகையாகவோ பெற்ற பின், அந்தப் பள்ளியை நடுவில் வைத்து, நடந்து போகும் தொலைவுக்குள் வீடு தேடுங்கள். வீட்டை முதலில் பிடித்தவர்கள் பிறகு அந்த வீட்டுக்கு ஏற்ற பள்ளியில் போய் நின்றார்கள். பிள்ளைக்கு ஏற்ற பள்ளி ஊரின் மறு கோடியில் இருந்தது. எங்கே போனாலும் வேன் வேண்டும் என்றால் சென்னையை விட்டு வந்ததற்குப் பொருளே இல்லை.

சொந்த ஊர் என்றால் தாத்தா பாட்டி இருக்கிறார்களே என்ற ஒரே காரணத்துக்காக முடிவு செய்யாதீர்கள். அவர்களால் மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உண்மையில் முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். மூட்டுவலியோடு இருக்கும் பாட்டியும் பேரப்பிள்ளை வருகிறது என்றால் ‘முடியும்’ என்றுதான் சொல்லுவார். ஒரு வாரம் போய்த் தங்கிப் பார்த்தால் உண்மை தெரியும்.

8. பழைய பள்ளியிலிருந்து வெளியே வரும் காகிதங்கள்

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தின் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளிப் பதிவில் பிழை இருந்தால் பழைய பள்ளியில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். மாறிய பின் அதே பிழைக்காக இரண்டு ஊருக்கும் அலைய வேண்டிவரும்.

அடுத்தது மாற்றுச் சான்றிதழ். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, கேட்டவுடன் தலைமையாசிரியர் அதை வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கட்டண பாக்கியைச் சொல்லிச் சான்றிதழை நிறுத்தி வைப்பது சரியல்ல. ஆனாலும் பாக்கியை முடித்து ரசீது வாங்கிவிட்டுக் கேட்பதே மன அமைதிக்கு நல்லது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்குங்கள். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் கல்வி அலுவலரின் மேலொப்பம் தேவையா என்பதைப் புதிய பள்ளியில் கேட்ட பிறகே சென்னையை விட்டுக் கிளம்புங்கள்.

தாளில் சான்றிதழ் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த தவறு. புதிய பள்ளியின் அலுவலர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மகளின் பெயருக்கு நேரே பழைய பள்ளியே இருந்தது. எமிஸ் இணையத்தில் பழைய பள்ளி பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியால் எடுத்துச் சேர்க்க முடியும். அதைச் செய்ய வேண்டிய ஆசிரியர் விடுப்பில் இருந்தார். லாரியில் வந்த கட்டில் கூடத்தில் கிடக்க, நான் 320 கி.மீ. தள்ளியிருந்து நான்கு நாள் தொலைபேசியில் கெஞ்சினேன். சான்றிதழ் வாங்கும் அன்றே, ‘எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?’ என்று கேட்டு, திரையைக் கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

9. வீட்டை விடுவதும் பிடிப்பதும்

வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை மே மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். அது திரும்பி வரும் முன்பே புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், இடையில் ஒரு மாதத்துக்கான கைப்பணத்தைத் தனியே வையுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. புதிய ஊரில் பேரம் பேச இது உதவும். முதல் ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு மட்டும் போடுங்கள், சொந்த வீடு வாங்கும் பேச்சை ஆண்டுத் தேர்வு முடியும் வரை எடுக்காதீர்கள்.

10. முதல் பருவம்

பள்ளி திறப்பதற்குப் பத்து நாளாவது முன்பே குடிபோய்விடுங்கள். பள்ளிக்குப் போகும் வழியைப் பிள்ளையோடு மூன்று முறை நடந்து பாருங்கள். அதே தெருவில் அதே பள்ளிக்குப் போகும் இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரே ஒரு துணை கிடைத்தாலும் போதும், ஜூன் முதல் வாரம் எளிதாகக் கழியும்.

முதல் பருவத்தில் மதிப்பெண் குறையும், அதற்காக உடனே டியூஷனில் சேர்க்காதீர்கள். நோட்டுப் புத்தகங்களை வாரம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, எழுதாமல் விட்ட பக்கங்கள் எந்தப் பாடத்தில் இருக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகும் அதே பாடத்தில் அதே வெற்றுப் பக்கங்கள் இருந்தால், அந்தப் பாட ஆசிரியரை நேரில் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.